ஏழுமலை வீட்டுக்கு நான் கேட்ட கூத்து

பட்டணத்து ஜனங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வயலைக் காட்டி, ஊர்ச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் கூத்து பார்க்க வைத்துத் திருப்பி அனுப்புவது என் தொழில். விருந்தாளிக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற வேலையில் நீங்களும் இருந்தால், இரண்டு பக்கமும் நம்மைத்தான் முறைக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் தாம்பரத்துக்காரன். உத்திரமேரூர்ப் பக்கம் எனக்கு வாய்த்தது ஏழுமலை அண்ணன், கன்னியம்மா அக்கா வீடு. மூன்று ஏக்கர் நிலம், கூத்து வைக்கத் தோதான பெரிய களம், அக்காவின் சமையல். வேறென்ன வேண்டும்?

மூலையில் நட்ட நாற்று

முதல் தடவை பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் நாற்று நட ஆசை. நடவுக்கு வந்திருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு முடி நாற்றைக் கொடுத்து, விரலால் எப்படி ஊன்றுவது என்று காட்டினார்கள். நம் ஆட்கள் அரைமணி நேரம் சேற்றில் நின்று ஒரு மூலையை நட்டார்கள். பாதி சாய்ந்தது, மீதி மிதந்தது. மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு பம்புசெட்டுக்குக் கால் கழுவப் போனார்கள்.

திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண்கள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த விளையாட்டே இனி வேண்டாம் என்றேன். அவர்களோடு நட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னார்: "இருக்கட்டும் தம்பி, அவுங்க நட்டதாவே நெனச்சிக்கினு போவட்டும். நீ வாயத் தொறக்காத."

உட்கார்ந்துவிட்ட அண்ணன்

மதியம் ஏரி மீன் குழம்பு, கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல். களியை மெல்லக்கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று இலைக்கு இலை குனிந்து சொல்லிக்கொடுப்பது அண்ணன் வேலை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஒரு சனிக்கிழமை பாதிப் பந்தியில் குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை. வெயில்தான் என்று நினைத்து மோர் கொண்டுவந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அவர் மோரை வாங்கவில்லை. பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அந்த கடேசி எலைக்கு கொயம்பு வரல பாரு தம்பி. என்னிய அப்பறமா பாக்கலாம்."

வாத்தியார் கேட்ட கேள்வி

மூன்றாம் நாள் அண்ணனைச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தில் அடைப்பு. அவர் தம்பி துணைக்கு இருந்தார். அக்கா போவதும் வருவதுமாக இருந்தார். மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு குழு ஏற்பாடாகியிருந்தது. நிறுத்திவிடலாம் என்றேன். கையில் வேலை இருந்தால்தான் மனசு அலையாமல் இருக்கும், கூட்டிக்கொண்டு வா என்றார் அக்கா.

வழக்கமாகத் தன் ஆட்களோடு வந்து ஆடுகிறவர் தாமல் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர். அந்த வாரம் போனில் ஒரு கூத்து பார்த்திருந்தேன். போர்க்களத்தில் அடிபட்டு விழுந்த வீரனைத் தாய் மடியில் போட்டுக்கொண்டு அழுவாள். அவன் மோட்சம் போவான். பார்த்து நானும் அழுதேன். இந்தத் தடவை அதையே வையுங்கள் என்று வாத்தியாரிடம் போனில் கேட்டேன். எந்த வீட்டில் என்றார். ஏழுமலை அண்ணன் வீட்டில்தான் என்றேன். கூலிகூடப் பேசாமல் சொன்னார்: "வந்துர்றேன் தம்பி. அந்த வூட்டுக்கு நான் வராம வேற யாரு வருவா."

மத்தளம் இல்லாமல் வந்தார்கள்

கூத்துக்காரர்கள் எப்போதும் டெம்போவில் வரும்போதே மத்தளத்தைத் தட்டிக்கொண்டு வருவார்கள். அன்றைக்குச் சத்தமே இல்லை. வாத்தியார் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார், கையில் ஒரு மாலை. நேராக அடுப்படிக்குப் போய் அக்கா முன்னால் நின்று, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா என்று உடைந்து அழுதார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் அந்தக் கூத்தை வைப்பது சாவு வீட்டில், காரியத்தின்போது மட்டும்தான். ஊரில் எல்லோருக்கும் தெரியும், தாம்பரத்துக்காரனுக்குத் தெரியாது. ஏழுமலை ஆஸ்பத்திரியில் இருப்பது வாத்தியாருக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு அந்தக் கூத்து என்றதும், போய்விட்டார் என்றே நினைத்துவிட்டார். எந்தக் கூத்து என்று அக்காவிடமும் நான் சொல்லவில்லை. தனக்கு முன்னால் ஊருக்குச் சேதி போயிருக்கிறது என்று அக்கா நினைத்தார். கரண்டி கை நழுவி விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழக்கூட இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை அக்கா, தப்பு என்னுடையது என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. அண்ணனின் தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தது அண்ணனே. தம்பி போனை வைத்துவிட்டு டீ வாங்கப் போயிருந்தாராம். போனை அக்கா காதில் வைத்தேன். தான் இட்லி தின்றுகொண்டிருப்பதாக அண்ணன் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அக்கா அதற்குப் பிறகுதான் அழுதார்.

வாத்தியார் மாலையை எடுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே போட்டுவிட்டுக் கால் கழுவிக்கொண்டு வந்தார். சாயங்காலம் கல்யாணக் கூத்து வைத்தார். விருந்தாளிகள் கை தட்டினார்கள். கூத்து முடிந்ததும் நான் அடுப்படிக்குப் போய் அக்கா காலைத் தொட்டேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பத்து நிமிசம் நான் அவுரு இல்லாம இருந்துட்டேன் தம்பி. அத நீ இன்னா பண்ணுவ? போ, எல போடு."

அண்ணன் தேறி வந்துவிட்டார், வேனும் மாதம் தவறாமல் போகிறது, ஆனால் 'இந்த ஊரைப் பற்றி இவருக்குத் தெரியாதது இல்லை' என்று விருந்தாளி யாராவது என்னைப் புகழ்ந்தால் அக்காவுக்கு மட்டும் உடனே இருமல் வந்துவிடுகிறது.