தனகோட்டிக்குக் கிடைத்த தேனீ உத்தியோகம்

தனகோட்டியும் அவர் தம்பி பார்த்திபனும் ஒற்றுமையாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒரே நாளில் ஒரே ஜேசிபியை வரவழைத்து, இருவர் நிலத்துக்கும் நடுவே இருந்த வேலியை வேரோடு தோண்டி எறிந்தார்கள். பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜேசிபிக்காரன்தான் தூது போனான்.

செஞ்சி மலையடியில் தொடங்கி, கிழக்கே இருக்கும் பாறைக் கரடு வரைக்கும் அந்த வேலி நொச்சி, ஆவாரை, காரை, கள்ளி என்று புதராக நீண்டு கிடந்தது. உள்ளே கீரி, ஓணான், செம்போத்து என்று ஒரு ஊரே குடியிருந்தது. வருஷாவருஷம் தனகோட்டி தம் பக்கம் ஒரு சாண் சுரண்டுவார். போட்டிக்குப் பார்த்திபன் அந்தப் பக்கம் ஒரு சாண் சுரண்டுவான். கடைசியில் சுரண்டி அலுத்துப்போய் மொத்தத்தையும் வழித்துவிட்டு, நடுவே கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தார்கள்.

"கண்ணாடியாட்டம் இருக்குது பாரு" என்று தனகோட்டி போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து நிலத்துக்காரன் என்பதால் எனக்கு இரண்டு முறை காட்டினார். ஒன்றுமே இல்லாத இடத்தை அவ்வளவு பெருமையாகக் காட்டிய மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அந்த வருஷம் பாகற்பந்தல் போட்டார். மகள் பூங்குழலி நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் படிப்புக்கு அந்தப் பந்தல்தான் பொறுப்பு. பந்தல் முழுக்க மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. பிஞ்சுகளோ விரல் அளவுக்குக்கூட வராமல் பழுத்து உதிர்ந்தன. மருந்துக்கடைக்காரர் ஒரு டானிக் கொடுத்தார். அதை அடித்த பிறகு பிஞ்சுகள் இன்னும் தெம்பாக உதிர்ந்தன. தம்பி பெண்டாட்டியின் கண்தான் காரணம் என்று முடிவுகட்டித் திருஷ்டிப் பூசணி கட்டினார். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் நசுங்கிவிட்டும் வந்தார்.

கடைசியில் வேளாண்மை அலுவலர் வெண்மதி வந்து பந்தலடியில் நின்று பார்த்தார்.

"அண்ணே, பூவுல ஒரு தேனீகூட இல்லையே. மலைக்கும் கரட்டுக்கும் நடுவுல இருந்த வழிய எடுத்துட்டீங்க."

"பறக்கறதுக்கு இன்னாத்துக்கு மேடம் வழி?"

"சென்னைக்குப் போறப்ப நடுவுல எறங்கி டீ குடிக்கிறீங்க இல்ல? இந்தச் சின்னத் தேனீங்களுக்கு வேலிதான் டீக்கட, வேலிதான் வீடு. அது போனா மலை ஒரு தீவு, கரடு ஒரு தீவு. இங்க செத்துப்போனதுக்குப் பதிலா அங்கேருந்து எதுவும் வராது."

"புதுசா நட்டா?"

"வளர வருஷமாகும். அதுவரைக்கும் நீங்கதான் தேனீ."

இப்படியாக ஐம்பது வயதில் தனகோட்டிக்குத் தேனீ உத்தியோகம் கிடைத்தது. சம்பளமும் கிடையாது, சிறகும் கிடையாது. விடிந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தேய்க்க வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும். அவருடைய முரட்டு விரலில் பாதிப் பூ பிய்ந்துவந்தது. ஆள் போதாமல் பூங்குழலி கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். லீவு நீண்டது, பீஸ் கட்டும் தேதியும் போனது, அந்த வருஷம் அவள் திரும்பிப் போகவேயில்லை. இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை. கோபம்தான் வருகிறது.

கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்திபனும் தன் வெள்ளரிக்கொடியில் குனிந்து அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் காலையில் தனகோட்டி கம்பியருகே போனார்.

"பார்த்திபா, வேலிக்கு எம்பக்கம் ரெண்டு அடி வுடறேன். நீ?"

"சர்வேயர வச்சி அளந்துட்டுச் சொல்றேன்."

பந்தலுக்குள்ளிருந்து பூங்குழலி குரல் கொடுத்தாள். "நல்லா அளங்க சித்தப்பா. நீங்க அளந்து முடிக்கறதுக்குள்ள எங்கூட படிச்சவளுங்க எல்லாம் நர்ஸ் ஆயிடுவாளுங்க."

தனகோட்டி மண்வெட்டியை எடுத்துத் தூணின் அடியைத் தோண்டினார். கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தார். கல் அசையவில்லை. பார்த்திபன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மறுபக்கம் பிடித்தான்.

கல் சாய்ந்ததும் இருவரும் பூங்குழலி பார்க்கிறாளா என்று திரும்பினார்கள். அவள் பார்க்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று அடுத்த பூவுக்குப் போய்விட்டாள்.