தொட்டியைக் கழுவியவள்

உங்கள் வீட்டு ஜன்னலைக் கடைசியாக எதற்கு மூடினீர்கள்? மழைக்கா, கொசுவுக்கா? இந்தத் தெருவில் மூச்சு விடுவதற்காக மூடுகிறார்கள். கொளுத்தும் வெயிலிலும் சாத்திக்கொண்டு உள்ளே வெந்து கிடக்கிறார்கள்.

தெருக்கோடி வீடு பளிச்சக்காவுடையது. அவள் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதால் தொழிற்சாலையில் வைத்த பட்டம் அது. மீன் கழிவை வேகவைத்துத் தீவனத்தூள் ஆக்கும் தொழிற்சாலை. அங்கே சூப்பர்வைசராக இருக்கும் தங்கை புருஷன் பிடித்துக் கொடுத்த துப்புரவு வேலை. தன் புருஷன் செத்த பிறகு வீட்டில் அடுப்பெரிந்ததும், மகளின் மூச்சிழுப்புக்கு மருந்து வந்ததும் அந்த வேலையால்தான்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. உள்ளே இடுப்பளவுக்கு மரச்சில்லும் மக்கிய உரமும். கழிவு வேகும் கொப்பரைகளின் நாற்றக் காற்றை ஒரு விசிறி இழுத்து, தொட்டிக்கு அடியில் தள்ளும். ஈரச் சில்லுகளில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்த நாற்றத்தைத் தின்றுவிடும். மேலே வருவது மண்வாசனை மட்டும். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வெறும் பசி. தொட்டியைக் கட்டிய நிபுணர் இதை முதலாளிக்கு விளக்கினார். அதிகாரிகளுக்குப் படம் போட்டு விளக்கினார். தினமும் அதைச் சுற்றிக் கூட்டுகிறவளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. துடைப்பம் பிடித்த கைக்கு மேலே ஒரு தலையும் இருக்கிறது என்பது படித்தவர்கள் கண்ணில் படுவதே இல்லை!

ஒருநாள் தங்கை புருஷன் வந்தார்.

"அக்கா, சோதனைக்கு ஆபீசருங்க வர்றாங்க. அந்தத் தொட்டியைப் பாரு, பூஞ்சை பூத்துக் குப்பைமேடு மாதிரி கிடக்கு. பளிச்சுன்னு ஆக்கிடு."

"எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல தம்பி? வர்றவங்க அதுல பாய் போட்டுப் படுப்பாங்க, பாருங்க."

கழிவறை கழுவும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றினாள். பூஞ்சை வெளுத்தது. ஊற்றியது ஒருநாள் மட்டுமல்ல. அதிகாரிகள் வரும்வரை தினமும். சோதனை முடியும்வரை கொப்பரைகளை அணைத்து வைத்திருந்தார்கள். நாற்றமே இல்லை. வந்த அதிகாரிகள் "ரொம்ப சுத்தம்" என்று பாராட்டி, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கொப்பரைகள் எரிந்தன. தெருவே நாறியது.

சாப்பிட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து ஓடினார்கள். மகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். இழுத்த மூச்சுக்கு நடுவிலும் அவளுக்கு நக்கல்: "அம்மா... உனக்கு முன்னாடி... உன் கம்பெனி வீட்டுக்கு வந்துடுச்சு."

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள்: "உங்க உலைக்கு அரிசி, எங்க மூக்குக்கு நாத்தமா? நல்ல பங்குதான் போங்க!"

தொழிற்சாலையில் விசிறியை மாற்றினார்கள், குழாயை மாற்றினார்கள். நாற்றம் அசையவில்லை. கடைசியில் நிபுணர் வந்து ஒரு கை சில்லை அள்ளிப் பார்த்தார்.

"எல்லாம் செத்துக் கிடக்கே. யாராவது எதையாவது ஊத்தினீங்களா?"

"யாரு சார் ஊத்தப் போறாங்க?" என்றார் தங்கை புருஷன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"அப்போ சூட்டுல செத்திருக்கணும். முதல்ல காத்தைக் குளிர வைக்க ஏற்பாடு பண்ணணும். சில மாசம் ஆகும்."

பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த பளிச்சக்காவின் துடைப்பம் நின்றது. வாயைத் திறந்தால் பிழைப்பு போகும். மூடிக்கொண்டால் இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் வைத்தியம் நடக்கும். அதுவரை மகளின் மூச்சு தாங்குமா?

துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நான்தான் சார் ஊத்தினேன். பிளீச்சிங். தம்பி பளிச்சுன்னு ஆக்கச் சொன்னாரு."

நிபுணர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாத்தத்தைத் தின்ன வாயையெல்லாம் அடைச்சிட்டீங்களேம்மா!"

"அதுக்கு வாய் இருக்குன்னு எனக்கு யாரு சார் சொன்னா?"

நிபுணர் முதலாளியிடம் போனார். பழைய சில்லை அள்ளிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும், நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும், அதுவரை கொப்பரைகளை நிறுத்துங்கள் என்றார். முதலாளி நிறுத்தியது ஒன்றைத்தான்: பளிச்சக்காவின் வேலையை. தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை தொங்கியது. நாற்றத்துக்குத் துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவே காரணமாம்!

தங்கை புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்வீட்டுக்காரி சும்மா விடுவாளா?

"இத்தனையும் பண்ணினது நீதானா?"

"ஊத்தினது நான்தான். தெரியாம ஊத்தினேன். தொட்டி செத்துப்போச்சுன்னு தெரிஞ்சும் இன்னைக்குக் கொப்பரை எரியுதே, அது யாரு பண்றது?"

எதிர்வீட்டுக்காரி தொழிற்சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா, கேட்டுட்டு வரலாம்."

இரண்டு பேரும் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார்கள். கதவு திறக்கவில்லை. வீட்டில் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் மகள் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டே பேர் என்பதால்தான் கதவு திறக்கவில்லை.

உங்கள் தெருவிலும் ஒருநாள் நாறும். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தாதீர்கள். அக்கம்பக்கத்தை அழைத்துக்கொண்டு நாற்றம் கிளம்பும் தொழிற்சாலை வாசலுக்குப் போங்கள். தொட்டி உயிரோடு இருக்கிறதா, அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அது உயிர் என்று சொன்னீர்களா, அது செத்தால் கொப்பரையை அணைப்பீர்களா என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.