காலித் தொட்டியும் பூத்த செடியும்

திண்டிவனத்தில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. ஊட்டியா, கொடைக்கானலா என்று திருப்பிக் கேட்கிறார்கள். சித்திரை வெயிலில் காக்கைகூட நிழல் தேடும் ஊரில், ஈரக்காட்டு மரங்களில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற செடியை வளர்த்தே தீருவது என்று பத்துப் பன்னிரண்டு பேர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா. வளவனூருக்குப் பக்கத்தில் கரும்பும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற விவசாயி.

அப்பா அங்கே போய்ச் சேர்ந்தது தேங்காய் மட்டையால். ஆர்க்கிட்டுக்கு மண் ஆகாது. மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுச் சில்லு, இவற்றைத்தான் தொட்டியில் போடுவார்கள். எங்கள் வரப்புத் தென்னையின் மட்டைகளை யாரோ கேட்டார்கள் என்று மூட்டை கட்டிக் கொண்டுபோன அப்பா, அங்கே தொங்கிய பூக்களைப் பார்த்து மயங்கி, ஒரு செடியோடு வீட்டுக்கு வந்தார். வந்ததும் விவசாயிப் புத்தி வேலை செய்தது. செம்மண்ணைச் சலித்து, மக்கிய எரு கலந்து, செடியைக் கழுத்துவரை நட்டு, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினார். சில நாளில் அது அழுகி நாற்றமெடுத்தது. "கழனியில எத வச்சாலும் வருது, இது இன்னாடா பேஜாரு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சங்கத்தின் தலைவி, கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வந்து, தன் வீட்டு மொட்டை மாடியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே கூட்டத்தைத் தொடங்குவார். பூ வளர்க்கிறவர்களின் கூட்டம்தான், ஆனால் பூவில் தொடங்காது. முதலில் காலித் தொட்டிகள். அந்த மாதம் யார் வீட்டுச் செடி செத்ததோ, அவர் அந்தத் தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். எந்தச் செடி, எப்படிச் செத்தது என்று சொல்ல வேண்டும். வெயில் ஜாஸ்தி, எலி கடித்தது, கண் பட்டது என்றெல்லாம் சொன்னால் டீச்சர் ஒப்புக்கொள்ள மாட்டார். தன் கை என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் "சரி, அடுத்தது!" என்பார்கள். அவ்வளவுதான், பாவம் தீர்ந்தது. டீச்சர் வேறொரு செடியைக் கையில் கொடுத்துவிடுவார்.

முதல் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று, "மண்ணுல நட்டுட்டேன் டீச்சர். எருவும் வச்சேன்" என்றார். சங்கத்தில் ஒருவரான டயர் கடை மாமா சிரித்த சிரிப்பில் மாடித் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்த புறா பறந்துபோயிற்று. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் காலித் தொட்டி இல்லாமல் திண்டிவனம் பஸ் ஏறிய மாதங்கள் குறைவு. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் நானும் தொற்றிக்கொண்டு போவேன். "சரி, அடுத்தது" என்று கத்துவதில் எனக்குத்தான் முதல் இடம். அம்மா வந்ததில்லை. "இங்க கரும்பு காயுது, இவரு செத்த செடிக்குக் கருமாதி பண்ணப் பஸ் ஏறுறாரு" என்று வாசலில் நின்று வழியனுப்புவாள்.

மெல்ல மெல்ல அப்பாவுக்கு அந்தக் கலை பிடிபட்டது. தண்ணீர் ஊற்றத் துடிக்கிற கையை அடக்குவதுதான் அதில் பாதி. வேர் வெள்ளையாக இருந்தால் மழைத் தண்ணீர் பிடித்துவைத்ததில் கொஞ்சம் தெளிக்கலாம், பச்சையாக இருந்தால் பேசாமல் வந்துவிட வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு, அதை அந்தச் செடிக்குக் காட்டவே கூடாது. "கையக் கட்டிக்கினு நிக்கறதுதான் இதுல வேலயே" என்பார். நாளெல்லாம் மடை திருப்பியவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பா இளைத்தார். வயிற்றில் புண் என்று எனக்குச் சொன்னார்கள். உண்மையில் அது கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயர் கடை மாமாதான் தன் வண்டியில் அழைத்துப் போய் வருவார். டாக்டர் கையை விரித்துவிட்டது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரிந்தது சங்கத்துக்கே தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

வருஷத்துக்கு ஒரு முறை, மழை தொடங்கியதும், சங்கத்தில் நாற்றுக் கொடுப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் விதை முளைக்கவைத்த கண்ணாடிப் பாட்டில் ஒன்றை டீச்சர் வாங்கி வைத்திருப்பார். அதைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி உடைத்து, உள்ளேயிருந்து கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பொடி நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார். ஆளுக்கு ஒன்று. வாங்கிக்கொண்டவர் அதை வளர்த்து, முதல் பூவோடு அதே மாடிக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அது பூக்க ஐந்து வருஷம் ஆகும். நாற்று வாங்கினவர்தான் சங்கத்தில் முழு மனுஷர் என்று பேச்சு. அந்த வருஷம் அப்பாவின் முறை.

டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். அப்பா பெயர் வரவில்லை. கடைசியில் டீச்சரே உள்ளே போய் ஒரு செடியைத் தூக்கி வந்தார். இரண்டு தண்டு நிறைய ஊதாப் பூ. நுனியில் இன்னும் மொட்டுகள். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒன்றை எங்கள் குடும்பத்துக்கு யாரும் கொடுத்ததில்லை. டீச்சர் அதை அப்பா முன்னால் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்பா தட்டவில்லை. "இது எதுக்கு டீச்சர்?" என்றார்.

"நாத்து இப்ப உங்களுக்குத் தொந்தரவு தம்பி. இது பூத்துடுச்சு. வூட்ல வச்சுப் பார்த்துக்கினு இருக்கலாம்."

"நாத்து முறை என்னுதுதானே?"

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். அப்பாவின் முகம் கறுத்தது. வீட்டில்கூட அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அஞ்சு வருஷம் ஆவும்னுதானே பாக்கறீங்க? அத நான் பார்த்துக்கறேன். எனக்கு நாத்துதான் வேணும். பூவ வச்சு அனுப்பறதுக்கு நான் இன்னா பொணமா?"

டயர் கடை மாமா எழுந்து வந்து, தன் கையில் இருந்த நாற்றை அப்பாவிடம் நீட்டினார். "இத வச்சுக்கண்ணே. நான் அடுத்த வாட்டி வாங்கிக்கறேன்" என்றார். அவர் தாடை நடுங்கியதை நான் பார்த்தேன். பாவம், தன் நாற்றைக் கொடுத்துவிட்டதற்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

எனக்கு அப்பாமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே வாய் பிளந்து பார்த்திருக்கும் பூவை விட்டுவிட்டு, ஓட்டை போட்ட டீ கப்பில் ஒரு நூல் பச்சையை ஏந்திக்கொண்டு வருகிறாரே! திரும்பும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். விழுப்புரம் நெருங்கும்போது அப்பா மெல்ல என் தோளைத் தொட்டார். "அஞ்சு வருஷம்னா நீ டென்த்து படிச்சிக்கினு இருப்ப. நீதான் தூக்கியாந்து மேல வைக்கணும். நான் பின்னால வருவேன்" என்றார். டென்த் எனக்கு அமெரிக்காவைவிடத் தூரமாகத் தெரிந்தது.

கொல்லையில் சப்போட்டா மரத்தில், வெயில் சல்லடையாக விழும் இடம் பார்த்து, அதைத் தொட்டிக்கு மாற்றித் தொங்கவிட்டார். காலையில் எழுந்ததும் அங்கேதான் போவார். தண்ணீர் ஊற்றப் போகவில்லை, பார்க்கத்தான். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார். பிறகு நிற்க முடியாமல் போனது. அம்மா அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள். மார்கழியில் ஒரு நாள் என்னை உரக்கக் கூப்பிட்டார். ஓடிப் போனேன். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். கரித்துண்டின்மேல் ஒரு பச்சை முனை, அரிசி நொய் அளவு. "வேர் வுட்டுக்கினு இருக்குது பாரு. பொழச்சுக்கிச்சு" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், கரும்பு வெட்டிப் பணம் வந்த நாட்களில்கூட இருந்ததில்லை.

மாசியில் அப்பா போய்விட்டார். வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அந்த வெறுமையை எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அம்மா கொல்லைக்குப் போக ஆரம்பித்தாள். அதே நாற்காலியில் உட்காருவாள். செடி என்றால் அவளுக்குத் தெரிந்தது தண்ணீர்தான். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, நடுவில் அப்பா நினைப்பு வந்தால் ஒரு சொம்பு. நினைப்பு அடிக்கடி வந்தது. எல்லாம் போர்த் தண்ணீர்.

"அப்பா இவ்ளோ ஊத்த மாட்டாரும்மா" என்றேன்.

"கொளுத்தற வெயில்ல காஞ்சு பூடும்டி. அதுக்கும் யாருமில்லன்னு ஆயிடக் கூடாது" என்றாள்.

பங்குனி முடிவதற்குள் இலை கண்ணாடியைப்போல ஆகி, அடியோடு கழன்று விழுந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு அழுததைவிட அன்றுதான் அதிகம் அழுதாள்.

அடுத்த முதல் ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்து, காலித் தொட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு என்னைக் கிளப்பினாள். துணைக்குத் தங்கியிருந்த பெரியத்தை வாசலை மறித்தாள். "இன்னும் மூணு மாசம் முழுசா ஆவல. பொட்டச்சி இப்ப எங்க கெளம்புற?"

"திண்டிவனம். செடி செத்துடுச்சு. போய்ச் சொல்லணும்."

"செத்த செடியப் போய்ச் சொல்றதா? புத்தி கித்தி கெட்டுடுச்சா?"

"அவரு ஒண்ணுவுடாம போய்ச் சொல்வாரு" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள்.

மாடியில் எங்களைப் பார்த்ததும் டீச்சர் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். டயர் கடை மாமா நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. பையிலிருந்து தொட்டியை எடுத்து, அப்பா சொல்லிக் கேட்டிருந்தபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் வேணாம்மா" என்றார் டீச்சர்.

"இல்லங்க, சொல்லிடறேன்" என்றாள் அம்மா. "அவரு வாங்கியாந்த நாத்துங்க. நல்லாத்தான் வச்சிருந்தாரு. வேர்கூட வுட்டிருந்துச்சு. நான்தான் தண்ணி ஊத்தி ஊத்தியே சாவடிச்சுட்டேன்."

யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா தொட்டியைப் பிடித்தபடியே நின்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. முதல் தடவை வந்திருக்கிறாள், முறைப்படி எல்லாம் சொல்லியிருக்கிறாள், இவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்களே என்று பட்டது. அதனால் நானே உரக்கச் சொன்னேன்.

"சரி, அடுத்தது!"

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டயர் கடை மாமா எழுந்து மாடிச் சுவர் ஓரமாய்ப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். பிறகு டீச்சர் உள்ளே போய், தான் வளர்த்துக்கொண்டிருந்த நாற்றுகளின் தட்டைக் கொண்டுவந்து அம்மா முன் நீட்டினார். "உனக்கு எது வேணுமோ எடுத்துக்கம்மா. எப்படி வளக்கறதுன்னு நான் சொல்லித் தரேன். பொண்ணு வளர்ற மாதிரி இதுவும் வளரும்."

அம்மா அந்தத் தட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக அதைத் தள்ளிவிட்டாள்.

"இதெல்லாம் வேணாங்க. பூத்தது எதுனா இருந்தா குடுங்க."

சந்தோஷத்தில் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. இவ்வளவு நாள் இந்தச் சங்கத்துக்கு அப்பாவுக்குப் பதில் அம்மா வந்திருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது. டீச்சர் கொடுத்தது அந்தப் பழைய ஊதாப் பூவின் இனம்தான். திரும்பும் பஸ்ஸில் அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் சீட்டுக்காரர்கள் இது என்ன பூ என்று கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"நல்ல வேல செஞ்சம்மா. நாத்துன்னா அஞ்சு வருஷம் ஆவும்" என்றேன்.

"ஆமா. அதுக்கு யாரு காத்துக்கினு இருக்கறது" என்றாள்.

அந்த வருஷம் எங்கள் கழனியில் கரும்பு வைக்கவில்லை. நிலத்தை அம்மா குத்தகைக்கு விட்டாள். கரும்புக்கும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அப்பா அந்த ஐந்து வருஷத்துக்காகத்தான் அத்தனை பேர் முன்னால் சண்டை போட்டார் என்பதோ, அந்த ஐந்து வருஷம் தட்டில் வந்தபோது அம்மா அதைத் தனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டாள் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்ட பூ கிடைத்துவிட்டது என்பதுதான். விழுப்புரம் வரும்வரை பூக்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.