ஃபிளாஸ்கில் இருந்த கஷாயம்

தையல்காரருக்கு வாய் சும்மா இருக்காது. இதயத்தில் வால்வு மாற்றிய டாக்டரிடமே, "தையல் கோணலா இருக்கே" என்றவர். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஒருநாள் ஊசி குத்திய விரலில் ரத்தம் நிற்கவேயில்லை. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டை பாழாய்ப் போனது. "உடம்புல தெம்பில்ல, அதான்" என்ற மனைவி, காலையில் தரும் பூண்டு இஞ்சிக் கஷாயத்தை அன்றிலிருந்து ராத்திரியும் கொடுத்தாள். திட்டிக்கொண்டே குடித்தார். மறுவாரம் தையல் மெஷின்மேலேயே சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு.

"ரத்தம் இப்படி நீர்த்துப்போயிருக்கே. மாத்திரையோட வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"ஐயோ, இல்லைங்க."

"கையில வச்சிருக்கீங்களே, அந்த ஃபிளாஸ்க்ல?"

"இது மருந்தில்லைங்க, வெறும் பூண்டும் இஞ்சியும். கண்ணு முழிச்சா ஒரு வாய் குடுக்கலாம்ல?"