பதினோரு பேர், ஒரு ஸ்டூல்

மந்தைவெளியில் நான் இருக்கும் கட்டடத்தில், தெருவிலிருந்து என் வீட்டு வாசலுக்கு இருபத்திரண்டு படிகள். மொட்டை மாடியை ஒட்டிய சின்ன வீட்டுக்கு நாற்பத்தைந்து. அந்தச் சின்ன வீட்டில் இருக்கும் பெண்மணி தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். மாலை ஏழரைக்குத் திரும்புவார். திரும்பியதும் நேரே ஏற மாட்டார். ஒன்பதாவது படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது கணுக்காலில் சுற்றிய பட்டையை அவிழ்த்து, மறுபடி சுற்றி, அப்புறம்தான் எழுந்திருப்பார். பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

நான் நடந்துவிட்டுத் திரும்புவதும் ஏழரைக்குத்தான். கைப்பிடி இருக்கும் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் நான் எப்படி ஏறுவது? எனக்கு எழுபத்தாறு வயது. இடது முழங்கால் சரியில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நடு வழியில உக்காந்தா மனுஷன் எப்படிப் போறது?"

"காலைல பத்து மணிலேர்ந்து நின்னுக்கினு கீறேன் சார். இன்னிக்கு எனக்குக் கெடச்ச மொத சேர் இதான். இதையும் புடுங்கிக்காதீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுவர்ப் பக்கம் நகர்ந்து வழியும் விட்டார். மீதிப் பதின்மூன்று படிகளை ஏறுவதற்குள் என் எரிச்சல் போய்விட்டது. அதற்கு அப்புறம் அவர் தினமும் இரண்டு வார்த்தை பேசுவார். கடையில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்பது, பதினேழு வருஷமாக அதே மூன்றாவது மாடி என்பது, மகள் நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்பது, எல்லாம் ஒன்பதாவது படியில் கேட்டதுதான்.

என் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளும் ஐந்து தோழிகளும் சேர்ந்து மாதம் ஒரு செய்தித்தாள் கொண்டுவருகிறார்கள். மாணவர்களுக்கான மனித உரிமைச் செய்திகள். நான்கு பக்கம், அறுபது ஜெராக்ஸ் பிரதி. எந்த ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, எங்கே யாரை வீட்டை விட்டுக் கிளப்பினார்கள், இந்த மாதம் எந்தக் கூட்டத்துக்கு மாணவர்கள் போகலாம் என்றெல்லாம் இருக்கும். எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம் வார்த்தைகளை எண்ணுவது. ஒரு பத்திக்கு நூற்றைம்பது. நூற்றைம்பத்தொன்று வந்தால் ஒன்றை வெட்டச் சொல்வேன். "தாத்தா, நீங்க எடிட்டர் இல்ல, மீட்டர்" என்பாள்.

டிசம்பர் இதழில் ஒரு பத்தி காலியாக இருந்தது. மனித உரிமை நாளை ஒட்டிக் கோட்டூர்புரத்தில் நடக்கும் மாணவர் கூட்டத்தில் அந்த இதழைக் கொடுப்பதாக இருந்தார்கள்.

"உலகம் பூரா நியூஸ் இருக்கு. நம்ம ஏரியாவுலேர்ந்து ஒண்ணுமே இல்ல" என்றாள்.

நான் ஒன்பதாவது படியைப் பற்றிச் சொன்னேன். கேட்டவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது என்றாள். எனக்கு அது தெரியாது.

"நீங்களே எழுதுங்க தாத்தா. ஆனா ரெண்டு ரூல். பேரு போடக் கூடாது. அவங்களக் கேட்டுட்டுத்தான் எழுதணும்."

சரி என்றேன்.

ஆனால் கேட்ட கதையை வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. மறுநாள் மதியம் பஸ் பிடித்துத் தி. நகர் போனேன். மூன்றாவது மாடி, படுக்கை விரிப்புகள். அவர்தான் எதிரே வந்தார்.

"இன்னா சார், நீங்க எங்க இங்க?"

"ஒரு பெட்ஷீட் பாக்கலாம்னு."

அவர் ஒன்பது விரிப்புகளைப் பிரித்துக் காட்டினார். நான் விரிப்பைப் பார்க்காமல் தளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பெண்கள் பதினோரு பேர். ஸ்டூல் ஒன்று. அதன் மேல் நான்கு அட்டைப் பெட்டிகள். நாற்பது நிமிடம் நின்றேன். ஒருவரும் உட்காரவில்லை. விரிப்பு வாங்காமல் வந்துவிட்டேன். அவர் ஒன்பதையும் மறுபடி மடித்திருப்பார். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சரியாக நூற்றைம்பது வார்த்தையில் எழுதினேன். பேத்தி படித்துவிட்டு, "அவங்களக் கேட்டீங்கல்ல?" என்றாள். "அவங்களே சொன்னதுதானே" என்றேன். கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அவள் தாத்தாவை நம்பினாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அறுபது பிரதிகளும் வந்தன. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நானே படி இறங்கினேன். அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "உங்களப் பத்தித்தான். பேரு எதுவும் போடல. நாளைக்கு ஸ்கூல் பிள்ளைங்க கூட்டத்துல குடுக்கறோம்" என்று பெருமையாக நீட்டினேன்.

பட்டையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் படித்தார். முடித்ததும் இரண்டாம் தடவை விரலை வைத்துப் படித்தார்.

"மூணாவது மாடி. பெட்ஷீட். பதினோரு பேரு. பதினேழு வருஷம். வலது காலுல பட்டை" என்றார் மெதுவாக. "பேரு மட்டும் இன்னாத்துக்கு சார் வுட்டு வச்சீங்க?"

நான் குனிந்து அந்தப் பத்தியை மறுபடி பார்த்தேன்.

"சூப்பர்வைசர் பொண்ணும் ஸ்கூல்தான் படிக்குது. நாளைக்கி அது கையில இது போச்சுன்னா, திங்கக்கெழம நான் வூட்லதான். பொண்ணு படிப்பு இன்னும் ரெண்டு வருசம் கீது."

வாழ்நாள் முழுவதும் எண் தப்பாக இருக்கக் கூடாது என்றுதான் பயந்திருக்கிறேன். எண் சரியாக இருந்தே ஒருத்தரைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

பேத்தியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன், கேட்காமல் எழுதியதையும் சேர்த்து. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். இறங்கி வந்து அவருக்குக் கீழே எட்டாவது படியில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, சாரி. நானும் உங்களக் கேட்டிருக்கணும். இது வேணாம்னா அறுபதையும் இப்பவே கிழிச்சிடறேன். உங்களுக்கு எப்படிப் படுது?"

அவர் தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கேள்வி அவருக்குப் புதிதாக இருந்தது போல. பிறகு, "இப்டி ஒரு சட்டம் கீதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார். "அது இருக்கட்டும். நிக்கிறோம்ல, அதுவும் இருக்கட்டும். இந்த எண்ணிக்கையெல்லாம் எடுத்துடு. காலையும் எடுத்துடு."

மேலே வரச் சொன்னேன். என் சாய்வு நாற்காலியில் நான் யாரையும் உட்கார விடுவதில்லை, பிரம்பு தொய்ந்துவிடும் என்று. அதை இழுத்துப் போட்டேன். முதலில் நுனியில் உட்கார்ந்தார். பேத்தி கறுப்பு மார்க்கர் இரண்டு கொண்டுவந்தாள். அவர் விரலால் காட்டிய ஐந்து வரிகளை நானும் பேத்தியும் ஒவ்வொரு பிரதியிலும் அடித்தோம். பின்னால் மை ஊறித் தெரிகிறதா என்று அவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தெரிந்தால் திருப்பிக் கொடுத்தார். "சார், இதுல பதினேழு எட்டிப் பாக்குது." பாதிக்கு மேல் போனபோது பார்த்தேன், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பட்டை சுற்றிய காலை முக்காலியில் நீட்டியிருந்தார்.

மறுநாள் கூட்டத்துக்கு நானும் போனேன். எண்பத்திரண்டு மாணவர்கள். பேத்தி அந்தப் பத்தியை வாசித்தாள். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"கறுப்பா அடிச்சிருக்கே, அங்க என்ன இருந்துச்சு? எந்தக் கடை? எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?"

"அத நாங்க சொல்ல மாட்டோம்" என்றாள் பேத்தி. "சொன்னா நஷ்டப்படப் போறது அவங்க, நாம இல்ல. நீங்க அடுத்த தடவ துணி எடுக்கப் போறப்ப ஸ்டூல் இருக்கான்னு பாருங்க."

பதினொன்று என் நாக்கின் நுனியில் நின்றது. உதட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பியபோது ஏழே முக்கால். அவர் ஒன்பதாவது படியில் இருந்தார்.

"இன்னா கேட்டாங்க சார்?"

"எத்தனை பேருன்னு கேட்டாங்க."

"சொல்லலியே?"

"சொல்லல."

என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். "உங்களுக்கு வவுறு வலிச்சிருக்குமே" என்று சிரித்தார்.

வழி விடுவதற்காகச் சுவர்ப் பக்கம் நகர்ந்தார். அன்றைக்கு எனக்கும் முழங்கால் வலி. கைப்பிடியைப் பிடித்து மெல்ல அந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். அவர் பட்டையை அவிழ்த்து மறுபடி சுற்றத் தொடங்கினார். எத்தனை நிமிடம் என்று அன்று பார்க்கவில்லை.