இரும்புக்கு அஞ்சாத அமுக்குவான்

ஊர் உலகமெல்லாம் ராத்திரி தூங்கும். எங்கள் அனுசியா மதினி மட்டும் பகலில் தூங்குவாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. மற்றவர்கள் ராத்திரி ஷிப்ட் என்றால் முகம் சுளிப்பார்கள். மதினியோ முழு நைட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். காலையில் மில் பஸ் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் இறக்கிவிடும்போது நான் நடந்துகொண்டே தூங்குவேன். அவள் வீட்டுக்குப் போய், தலையில் ஒட்டிய பஞ்சை உதறி, குளித்து, சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் கட்டிலில் சாய்வாள். ஏன் இந்தப் பாடு என்று வெளியாட்கள்தான் கேட்பார்கள். எங்கள் தெருவுக்குத் தெரியும், எல்லாம் ஜெயபாண்டி அண்ணனுக்காக.

ஜெயபாண்டி அவள் புருஷன். எனக்குத் தூரத்து உறவில் அண்ணன் முறை. பால்கோவாக் கடை அடுப்படியில் வேலை. விடிவதற்கு முன்னால் பால் வந்துவிடும். அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் கை ஓயாமல் கிண்ட வேண்டும். மதியம் வீட்டுக்கு வருவார், பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார். மதினி பகல் ஷிப்டுக்குப் போனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே நேரமிருக்காது.

அந்த மத்தியானங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது, கொஞ்சம் வயிறும் எரிகிறது. மதினி நல்ல உறக்கத்தில் கிடப்பாள். அண்ணன் எழுப்ப மாட்டார். கட்டிலில் அவள் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, அவளாக விழிக்கிற வரைக்கும் சும்மா இருப்பார். சட்டியில் ஒட்டியதைச் சுரண்டி டிபன் மூடியில் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைப்பார். வாசனைக்கு எழுந்துவிடுவாள் என்று நினைப்பு. எறும்புதான் முதலில் வரும். எறும்பு கடித்து அவள் எழுந்து திட்டுவாள், அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் என்னை எழுப்பாமல் விட்டதெல்லாம் அவர் வெளியூர் போன நாட்களில்தான்.

அண்ணன் காமாலையில் போய்ச் சேர்ந்தார். மதினி அழவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் மில்லுக்கு வந்துவிட்டாள், அதே முழு நைட்டுக்கு. கல் மனசுக்காரி என்று பஸ்ஸில் ஒருத்தி முணுமுணுத்தாள். அவளை நான் அங்கேயே வைத்துக் கிழித்துவிட்டேன்.

சில வருஷம் அப்படியே ஓடியது. போன கோடையில் ஒரு நாள் மதினி என்னிடம் வந்து அமர்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மத்தியானம் படுத்துக் கிடக்கேன், நல்லா முழிப்பு இருக்கு யோகேஸ்வரி. ஃபேன் சுத்துறது தெரியுது, தெருவுல கீரைக்காரி கூப்பிடுறது கேக்கு. ஆனா ஒத்த விரல அசைக்க முடியல. கதவு சத்தமே இல்ல, யாரோ உள்ள வாராப்புல இருக்கு. கால்மாட்டுல மெத்தை அமுங்குது. பொறவு அப்படியே நெஞ்சு மேல பாரம். மூச்சு முட்டுது. அத்தையக் கூப்பிடணும்னு பாக்கேன், நாக்கு எந்திரிக்கல. செத்த நேரந்தான் இருக்கும். வெடுக்குன்னு விட்டுப் போச்சு. எந்திரிச்சுப் பாத்தா சேலையெல்லாம் வேர்வை."

மதினியின் மாமியார் கருத்தம்மாளுக்கு இதில் சந்தேகமே இல்லை.

"ஏட்டி, அது அமுக்குவான் பேய். மல்லாக்கப் படுத்தா வந்து ஏறி உக்காந்துக்கிடும். கட்டில்ல இரும்பு கிடந்தா கிட்ட வராது."

வீட்டு அரிவாள் வயல் வேலைக்குப் போயிருந்தது. கிழவி தேடிப் பார்த்து, மகன் கோவா கிண்டின இரும்புத் துடுப்பைக் கொண்டுவந்து மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டாள். அண்ணன் இறந்ததும் கடைக்காரர் கொடுத்தனுப்பியது அது.

அந்த வாரமே அது மறுபடியும் வந்தது. வேறு யாராவது என்றால் குறி சொல்கிற கோடாங்கியைத் தேடிப் போயிருப்பார்கள். மதினிக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று.

"அமுக்குவானா இருந்தா இரும்புக்குப் பயந்திருக்கணும்லா? இது பயப்படல. அந்தத் துடுப்பக் காலமெல்லாம் கையில பிடிச்சவியளுக்கு அதப் பாத்து என்ன பயம்? அவியதான் வாராவ."

சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன். நியாயம் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. அவர் உட்காருகிற இடத்தில் மெத்தை அமுங்குகிறது, அவர் வருகிற நேரமும் அதுதான்.

அதிலிருந்து மதினி வேண்டுமென்றே மல்லாந்து படுத்தாள். வந்தால் உயிர் போகிற மாதிரி நடுங்குவாள், வராவிட்டால் ஏங்குவாள். இரண்டுக்கும் நடுவில் தூக்கம் கெட்டது. கண் குழிவிழுந்து, மிஷின் முன்னால் நின்றுகொண்டே உறங்கத் தொடங்கினாள். மேஸ்திரி நல்ல மனுஷன்.

"பகலுக்கு வாங்கம்மா. இல்லன்னா உங்கள மிஷின்ல நிறுத்த எனக்குப் பயமாயிருக்கு" என்றார்.

மதினி மறுத்துவிட்டாள். மத்தியானம் அவள் மில்லில் நின்றால், வருகிறவர் யார் பக்கத்தில் போய் உட்காருவார்?

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. முழுவதையும் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"கனவு காணும்போது நாம எந்திரிச்சு ஓடிடக் கூடாதுன்னு மூளை கைகாலை அசையவிடாம வச்சிருக்கும்மா. சில நேரம் அது விடுறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும். கண்ணு முழிச்சிருக்கும், உடம்பு இன்னும் தூங்கும், கனவும் பாதி ஓடிக்கிட்டிருக்கும். அதான் ஆள் வந்த மாதிரி, நெஞ்சுல ஏறின மாதிரி இருக்கு. ஷிப்ட் மாத்தித் தூங்குறவங்களுக்கு அதிகமா வரும். உயிருக்கு ஆபத்தில்ல. ராத்திரி ஒழுங்காத் தூங்குனா பெரும்பாலும் குறைஞ்சிடும்."

"அப்ப வாரது ஆளில்லையா?" என்றாள் மதினி.

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "வர்றப்ப பயமா இருக்குமா?" என்று கேட்டாள்.

"உசிரே போயிரும்மா."

"எல்லாருக்கும் அப்படித்தான். அந்தப் பயமும் இதோட சேர்ந்தேதான் வரும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். டாக்டர் சொன்னதை நம்பமாட்டாள் என்றே நினைத்தேன். அவளுக்கு அந்த மூளை கீளையெல்லாம் ஏறவில்லை, ஆனால் வேறொன்று பிடிபட்டுவிட்டது. என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவிய எம்புட்டு வருசம் கால்மாட்டுல வந்து உக்காந்திருக்காவ. தூக்கத்துலயே மெத்தை அமுங்குறது தெரியும். யாருன்னு கண்ணத் திறந்துகூடப் பாத்ததில்ல. அவிய உக்காந்தா இன்னும் நல்லாத்தான் தூக்கம் வரும் எனக்கு." மூச்சு வாங்கினாள். "இப்ப வாரதக் கண்டு நடுங்குதனே. அவியளக் கண்டு நான் நடுங்குவனா?"

அவள் தோளில் கை வைத்தேன்.

"அது அவிய இல்ல. நான் பகலுக்கே போறேன் ஏட்டி, மேஸ்திரிட்ட நீயே சொல்லிரு."

சொல்லிவிட்டு, பஸ்ஸும் ஜனமுமாக இருந்த அந்த இடத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். என்ன ஆயிற்று என்று கூடியவர்களிடம், இவள் புருஷன் தவறிவிட்டார் என்று சொன்னேன். எப்போது என்று ஒரு அம்மா கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன்.