முத்தல் இலைக்கு விழுந்த வாக்குகள்

2022ஆம் ஆண்டு, எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மூடிக் கிடந்த நாட்கள் அவை. நான் பதுளை நகரில் வசிக்கிறேன். படிப்பிப்பது தெமோதரைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில். போக பஸ் இல்லாததால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கல்வியைப் போன் வழியாக நடத்திக்கொண்டிருந்தேன். அவர்களுடைய லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நன்றாகக் கிடைக்கும் என்பதால், வேலையில்லாத ஞாயிறு காலைகளில் எல்லோரும் அங்கே கூடுவார்கள். நாலைந்து தலைகளுக்கு ஒரு போன்.

அன்றைய பாடம் இரகசிய வாக்கெடுப்பு. வாசித்துக் காட்டுவதைவிட நடத்தியே பார்த்துவிடலாம் என்றேன். அடுத்த வாரம் பிரதேச சபை அலுவலர் ஒருவர் எங்கள் இணைய வகுப்புக்கு வர ஒப்புக்கொண்டிருந்தார். அவரிடம் வகுப்பின் சார்பில் பேச ஓர் ஆள் வேண்டும். வகுப்பிலேயே பெரிய வாயாடி உடனே முன்வந்தாள். சற்றுக் கழித்து, கேள்வி கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் இன்னொரு பிள்ளை, "நானும் நிக்கிறேங்க டீச்சர்" என்றாள். அவளுடைய அக்கா தெமோதரையில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். பொழுது சாய்ந்து அவள் லயத்துக்கு ஏறி வரும் பாதையில் ஒரு விளக்குக்கூட இல்லை. அதைத் தன் வாயால் கேட்க வேண்டும் என்பது இவளுடைய ஆசை.

போனில் வாக்களித்தால் பக்கத்துத் தலைகளுக்குத் தெரிந்துவிடும். கொப்பித் தாள் விற்ற விலைக்கு வாக்குச்சீட்டு கிழிக்கவும் மனம் வரவில்லை. பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள்: ஒருத்திக்கு இளந்தளிரான கொழுந்து சின்னம், மற்றவளுக்குத் தேயிலைக்கு ஆகாத முற்றிய முத்தல் இலை. கைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, துணி மூடிய கூடைக்குள் போட வேண்டியதுதான். ஒற்றையா இரட்டையா பிடித்ததில் கூச்சக்காரிக்கு முத்தல் விழுந்தது.

"முத்தலுக்கு யாரு புள்ள போடுவா? கணக்கப்புள்ள கிலோ வெட்டிருவாரு" என்று ஒருவன் சீண்டினான். நிறுக்கும்போது கொழுந்தில் முத்தல் கலந்திருந்தால் கணக்கப்பிள்ளை எடையைக் குறைத்து எழுதுவது வழக்கம்.

வாயாடியின் அம்மா மகளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். அங்கே நின்ற ஒரே பெரியவர் அவர்தான், கூடையும் அவருடையது. நீங்களே தேர்தல் அதிகாரியாக இருங்கள் என்றேன். "நான் என்னத்தங்க டீச்சர் கண்டேன்" என்று சிரித்தபடி கூடையைப் பிடித்துக்கொண்டார்.

வாக்களிப்பு ஒழுங்காக முடிந்தது. அம்மா கூடையை விரித்த சாக்கில் கொட்டும் நேரம் பார்த்துப் போனில் படம் உறைந்துவிட்டது. எல்லோரும் போனைச் சூழ்ந்துகொண்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். படம் திரும்பியபோது சாக்கில் கிடந்தது அத்தனையும் கொழுந்து. ஒரு முத்தல்கூட இல்லை.

"ஒனக்கு நீயே போடலையா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"நான் போட்டேங்க டீச்சர்" என்றாள் அவள், குனிந்த தலையோடு.

வாயாடியின் அம்மா தன் காலடியைப் பார்த்தார். முத்தல் இலைகள் அங்கே கிடந்தன. கொழுந்தை மடுவத்தில் கொட்டியதும் முத்தலைப் பொறுக்கி வீசுவது அவருடைய கைக்குப் பழகிப்போன வேலை. வாக்கு என்று தெரிந்தும் விரல்கள் அதைச் செய்துவிட்டன. தரையில் முந்திய நாள் வீசியவையும் கிடந்ததால் எது வாக்கு, எது குப்பை என்று பிரிக்க வழியில்லை.

"மகளுக்காகக் கள்ள ஓட்டு" என்று ஒரு குரல் வந்தது. அவர் முகம் சுருங்கிப்போனது. "கை தானா பொறுக்கிருச்சு தாயி. சத்தியமா வேணும்னு செய்யல. வேற யாரையாச்சும் புடிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்று கூடையைக் கீழே வைத்தார். வாயாடிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த வெற்றி எனக்கு வேணாங்க டீச்சர்" என்றாள்.

மறுபடி வாக்கெடுப்போம் என்றேன். கூடையை யார் பிடிப்பது? அப்போதுதான் கூச்சக்காரி தலையை நிமிர்த்தினாள்.

"அத்தைதான் புடிக்கணும். வேணும்னு செஞ்சிருந்தா காலடியிலயா போடுவாங்க?" பிறகு அவர் பக்கம் திரும்பி, "கொட்டுறப்ப மட்டும் கைய இடுப்புல வச்சிக்கங்க அத்த" என்றாள்.

மடுவமே சிரித்தது. நானும் இங்கே தனியாக இருந்து சிரித்தேன்.

இரண்டாம் முறை வேட்பாளர்கள் இருவரும் சேர்ந்து கூடையைக் கவிழ்த்து, கேமராவின் முன் ஒவ்வோர் இலையாக எண்ணினார்கள். கூச்சக்காரி இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தோற்றுப்போனாள். வருத்தமா என்று கேட்டேன்.

"பரவால்லங்க டீச்சர். எண்ணித்தானே தோத்தேன்."

அடுத்த வாரம் வாயாடி முதலில் கேட்டது அந்தப் பாதை விளக்கைப் பற்றித்தான். பார்க்கிறோம் என்றார் அலுவலர். எப்போது என்று விடாமல் கேட்டாள் அவள்.

மலையகத் தோட்ட மக்கள் குடியுரிமை பறிக்கப்பட்டு, வாக்குரிமையே இல்லாமல் வாழ்ந்த காலத்தைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் படிப்பிக்கிறேன். எண்ணப்படுவது என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளையின் ஒரு வரியில்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.